படிவம் அசைகிறது, தகவல் போய்ச் சேர்ந்ததா?

பண்பொழியில், திருமலைக் குமாரசாமி கோவில் மலையடிவாரத்தில், ஒரு தங்கும் விடுதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஜூன் பிறந்து சாரல் விழத் தொடங்கியதும் மதுரையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் அறை கேட்பார்கள். கார்த்திகை வந்தால் செங்கோட்டை, புளியரை வழியாகச் சபரிமலை போகிறவர்கள் கேட்பார்கள். விடுதியின் இணையப் பக்கத்தைத் திறந்தால் அருவி கொட்டுகிறது, மேகம் நகர்கிறது, மேகத்தைத் தொட்டால் ஒரு படிவம் விரிகிறது. பெயர், தொலைபேசி எண், வரும் நாள், எத்தனை பேர் என்று நிரப்பி அனுப்பினால் 'நன்றி' என்ற எழுத்து மின்னி மறைகிறது. அந்தத் தகவல் விடுதிக்காரரின் மின்னஞ்சல் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு சங்கதி.

அசையும் படத்திலிருந்து படிவத் தகவலை மின்னஞ்சலாக அனுப்புவது எப்படி என்ற கேள்வியை இணையப் பக்கம் செய்பவர்கள் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருகிறார்கள். ஃப்ளாஷ் காலத்தில் கேட்டார்கள்; ஃப்ளாஷ் மறைந்த பின்னும் கேட்கிறார்கள். கருவிகள் மாறின, விடையின் அடிப்படை மாறவில்லை. அசையும் படத்தால் அஞ்சல் அனுப்ப முடியாது. அது தகவலை வாங்கிக் கைமாற்றும், அவ்வளவுதான். அனுப்புவது எங்கோ இருக்கும் சர்வரின் வேலை. அனுப்பியது சேர்ந்ததா என்று பார்ப்பதும், சேர்ந்ததைக் காப்பாற்றி வைப்பதும் மனிதரின் பொறுப்பு. இதுவரை வந்த வழிகள், அவற்றின் கோளாறுகள், தமிழுக்கென்றே வாய்த்த சிக்கல்கள், இன்றைய நிலை ஆகியவற்றை இக்கட்டுரை வரிசையாகப் பார்க்கிறது.

படிவம் பிறந்த கதை

மின்னஞ்சல் இணையப் பக்கத்தைவிட மூத்தது. ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு வலையமைப்பு வழியாகச் செய்தி அனுப்பியது 1971இல். அஞ்சல் பரிமாற்றத்துக்கான எஸ்எம்டிபி விதிமுறையை ஜான் போஸ்டெல் எழுதி வெளியிட்டது 1982 ஆகஸ்டில். இணையப் பக்கம் அதற்குப் பிறகு வந்தது. பக்கத்தில் படிவம் வைக்கும் முறை 1995 நவம்பரில் எச்டிஎம்எல் 2.0 வழியாகத் தரமானது. இந்தியாவில் விதேஷ் சஞ்சார் நிகாம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டதும் அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்றுதான்.

படிவத்தை அஞ்சலாக்க அன்று இரண்டு வழிகள் இருந்தன. முதலாவது, படிவம் போய்ச் சேர வேண்டிய முகவரியாக 'மெயில்டு' என்று தொடங்கும் மின்னஞ்சல் முகவரியையே கொடுத்துவிடுவது. சர்வர் வேண்டாம், ஸ்கிரிப்ட் வேண்டாம் என்பதால் எல்லோருக்கும் இது பிடித்தது. ஆனால் அஞ்சலை அனுப்ப வேண்டியது பக்கத்தைப் பார்க்கிறவரின் கணினி. அதில் அஞ்சல் மென்பொருள் அமைக்கப்பட்டிருக்க வேண்டும். மணிக்கணக்கில் காசு கொடுத்துப் பார்க்கும் பிரவுசிங் சென்டர் கணினியில் எவருடைய அஞ்சல் கணக்கை அமைத்து வைப்பது? பொத்தானை அழுத்தினால் ஒரு காலிச் சன்னல் திறக்கும், அல்லது ஒன்றுமே நடக்காது.

இரண்டாவது வழி சிஜிஐ. பிரவுசர் அனுப்பும் தகவலைச் சர்வரில் உள்ள ஒரு நிரல் வாங்கி வேலை செய்யும் இந்த ஏற்பாட்டை 1993இல் அமெரிக்காவின் என்சிஎஸ்ஏ நிலையத்தார் வகுத்தார்கள். 1995இல் மேட் ரைட் எழுதிய 'ஃபார்ம்மெயில்' என்ற பெர்ல் ஸ்கிரிப்ட் உலகம் முழுதும் பரவியது. அதே ஆண்டு ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பிஎச்பியின் தொடக்க வடிவம் படிவங்களைக் கையாளும் கருவியாகவே பெயர் பெற்றது. பிஎச்பியில் அஞ்சல் அனுப்ப ஒரே வரி போதும் என்ற நிலை வந்ததும் குறைந்த வாடகைச் சர்வரிலும் படிவம் வைக்கலாம் என்றாயிற்று.

ஃப்ளாஷ் வந்தது

ஜோனதன் கே உருவாக்கிய 'ஃபியூச்சர்ஸ்பிளாஷ் அனிமேட்டர்' 1996இல் வெளிவந்தது. அந்த ஆண்டின் இறுதியில் மேக்ரோமீடியா நிறுவனம் அதை வாங்கி ஃப்ளாஷ் என்று பெயரிட்டது. முதலில் அது வெறும் படம். 1999இல் வந்த நான்காம் பதிப்பில்தான் பார்வையாளர் எழுத்து உள்ளிடும் கட்டம் வந்தது. உள்ளிட்டதைச் சர்வருக்கு அனுப்பவும் முடிந்தது. 2000இல் ஐந்தாம் பதிப்போடு ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் முறையான நிரல்மொழியாக வளர்ந்தது. 2002இல் வந்த எம்எக்ஸ் பதிப்பின் 'லோட்வார்ஸ்' என்ற கருவி தகவலை அனுப்பும் வேலையையும் சர்வரின் பதிலை வாங்கும் வேலையையும் ஒன்றாகச் செய்தது.

விடுதி, நகைக்கடை, கல்லூரி, திருமண மண்டபம் என்று யார் பக்கம் செய்தாலும் முகப்பில் ஃப்ளாஷ் ஓடியாக வேண்டும் என்ற காலம் அது. 56 கேபிபிஎஸ் டயல்-அப் இணைப்பில் 500 கிலோபைட் முகப்புப் படம் இறங்க, இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் 70 நொடிக்கு மேல் ஆகும். அதையும் பொறுத்துக்கொண்டு காத்திருந்து படிவத்தை நிரப்பியவர் உண்மையாகவே அறை தேவைப்பட்டவராகத்தான் இருந்திருப்பார். அவருடைய தகவல் தொலைந்தால் போவது ஒரு நல்ல வாடிக்கையாளர்.

வேலை நடந்த முறை எளிது. ஃப்ளாஷ் படம் கட்டங்களில் உள்ளதைச் சேகரிக்கும். பெயருக்குப் பெயர், மதிப்புக்கு மதிப்பு என்று கோத்துச் சர்வரில் உள்ள பிஎச்பி கோப்புக்கு அனுப்பும். அந்தக் கோப்பு அதை அஞ்சலாக்கிச் சர்வரின் அஞ்சல் நிரலிடம் ஒப்படைத்துவிட்டு, சரி அல்லது தவறு என்று ஒரு சொல்லைத் திருப்பி அனுப்பும். படம் அந்தச் சொல்லைப் பார்த்து 'நன்றி' காட்டும். சங்கிலியில் நான்கு கண்ணிகள். எது அறுந்தாலும் படம் மட்டும் அழகாக ஓடிக்கொண்டிருக்கும்.

அறுந்த இடங்களில் பலர் தலையைப் பிய்த்துக்கொண்டது முகவரிப் பொருத்தத்தில். 2003இல் வந்த ஃப்ளாஷ் பிளேயர் 7 பாதுகாப்பை இறுக்கியது. படம் எந்த டொமைனிலிருந்து வந்ததோ எழுத்துக்கு எழுத்து அதே டொமைனுக்கு மட்டுமே தகவல் பரிமாறலாம் என்றது. முன்னால் 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ' போட்டு வந்தவருக்கு வேலை செய்த படிவம், அதைப் போடாமல் வந்தவருக்கு வேலை செய்யாது. சர்வரில் ஓர் அனுமதிக் கோப்பு வைத்தால் தீரும். செய்தவர் தன் கணினியில் சோதித்தபோது எல்லாம் ஓடியிருக்குமாதலால் அப்படி ஒரு கோப்பு தேவை என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

மூன்று வகை 'சரி'

இந்தத் துறையின் மிகப் பழைய குழப்பம் 'சரி' என்ற சொல்லைப் பற்றியது. படத்துக்குச் சர்வரிடமிருந்து ஏதாவது பதில் வந்துவிட்டால் அது ஒரு சரி. பதிலைப் படிக்க முடிந்தது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. பிஎச்பியின் அஞ்சல் கட்டளை வெற்றி என்று சொன்னால் அது இரண்டாவது சரி. உள்ளூர் அஞ்சல் நிரல் கடிதத்தை வாங்கிக்கொண்டது என்பதே அதன் பொருள். போய்ச் சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று பிஎச்பியின் கையேடே எச்சரிக்கிறது. பெறுபவரின் பெட்டியில் கடிதம் விழுந்து அவர் கண்ணில் படுவது மூன்றாவது சரி. பார்வையாளருக்கு 'நன்றி' காட்டும் பக்கங்களில் பெரும்பாலானவை முதல் சரியையோ இரண்டாவதையோ நம்பித்தான் காட்டுகின்றன. மூன்றாவதைத் தெரிந்துகொள்ளும் வழி அசையும் படத்துக்குக் கிடையாது.

திறந்து கிடந்த வாசல்

ஃபார்ம்மெயில் ஸ்கிரிப்டில் ஒரு வசதி இருந்தது. கடிதம் யாருக்குப் போக வேண்டும் என்பதைப் படிவத்திலேயே மறைவான கட்டத்தில் எழுதிவிடலாம். ஒரே ஸ்கிரிப்டைப் பல படிவங்களுக்குப் பயன்படுத்த இது உதவியது. ஸ்பேம் அனுப்புகிறவர்களுக்கும் உதவியது. மறைவான கட்டத்தை மாற்றி எழுதினால் அந்தச் சர்வர் யாருக்கு வேண்டுமானாலும் எதையும் அனுப்பும். 2000ஆம் ஆண்டை ஒட்டி இந்த ஓட்டை வழியாக ஏராளமான குப்பை அஞ்சல் போனது. ஆசிரியரே திருத்திய பதிப்புகளை வெளியிட்டார். லண்டன் பெர்ல் நிரலாளர் குழு அதற்கு மாற்றாகப் பாதுகாப்பான ஸ்கிரிப்டுகளை எழுதித் தந்தது.

ஃப்ளாஷ் படத்துக்குள் முகவரியை வைத்தால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தவர்கள் உண்டு. ஆனால் ஃப்ளாஷ் படத்தின் எஸ்டபிள்யூஎஃப் கோப்பைப் பிரித்துப் படிக்கும் கருவிகள் எளிதாகக் கிடைத்தன. பார்வையாளரின் கணினிக்குப் போய்ச் சேர்ந்த எதையும் ரகசியம் என்று கருதக்கூடாது என்ற பாடம் அங்கே கிடைத்தது. இன்றைய ஜாவாஸ்கிரிப்டுக்கும் அதே பாடம்தான் பொருந்தும். அஞ்சல் சேவையின் கடவுச்சொல்லைப் பக்கத்தின் நிரலுக்குள் எழுதி வைப்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள்.

இன்னொரு தந்திரம், மின்னஞ்சல் கட்டத்துக்குள் வரிமுறிவைப் புகுத்துவது. அஞ்சலின் தலைப்பகுதி வரி வரியாக அமைந்தது. ஒவ்வொரு வரியும் ஒரு கட்டளை. முகவரிக்குப் பின் ஒரு வரிமுறிவையும் அதையடுத்து 'மறைநகல்' வரியையும் சேர்த்தால், கவனமில்லாத ஸ்கிரிப்ட் அதையும் உண்மையான தலைப்பு வரியாக எடுத்துக்கொண்டு நூற்றுக்கணக்கானோருக்கு நகல் அனுப்பிவிடும். வரிமுறிவு உள்ள உள்ளீட்டை நிராகரிப்பதே மருந்து, அதுவும் சர்வரில். படத்துக்குள் செய்யும் சரிபார்ப்பு பார்வையாளரின் வசதிக்கு மட்டுமே. தாக்க வருகிறவர் படத்தைத் திறப்பதே இல்லை. நேரே சர்வரின் கதவைத் தட்டுகிறார்.

தமிழ் எழுத்துப் பட்ட பாடு

ஆங்கிலம் எழுதுகிறவர்களுக்கு இல்லாத ஒரு சுமை தமிழருக்கு இருந்தது. 1990களின் இறுதியில் டிஸ்கி, டாம், டாப் என்று பல குறியீட்டு முறைகள் புழங்கின; ஒவ்வொரு இதழுக்கும் ஓர் எழுத்துரு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு விசைப்பலகையையும் குறியீட்டையும் ஒழுங்கு செய்ய முயன்றது. ஃப்ளாஷ் அப்போது ஒரு வரமாகத் தோன்றியது. எழுத்துருவைப் படத்துக்குள்ளேயே புதைத்துவிடலாம், பார்ப்பவர் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் தமிழ் தெரியும். ஆனால் இது பார்வைக்கு மட்டுமே. படிவத்தில் ஒருவர் அதே எழுத்துருவில் தமிழில் எழுதி அனுப்பினால், விடுதிக்காரரின் அஞ்சலில் அது மேற்கத்தியக் குறிகளின் குவியலாக வந்து விழும். அதே எழுத்துருவை அவரும் நிறுவியிருந்தால் படிக்கலாம். பலர் 'ஆங்கிலத்தில் நிரப்பவும்' என்று எழுதிவைத்துச் சிக்கலைத் தவிர்த்தார்கள்.

யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இடம்பெற்றது. ஃப்ளாஷ் அதை ஏற்றது 2002இல். ஏற்றபின்னும் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு இடம் மாறித் தெரியும் கோளாறு நீண்ட நாள் நீடித்தது. 2008இல் வந்த ஃப்ளாஷ் பிளேயர் 10இன் புதிய எழுத்துப் பொறிதான் இந்திய எழுத்துகளை முறையாகக் கோத்துக் காட்டியது. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010இல். அதே ஆண்டுதான் ஃப்ளாஷின் சரிவும் தொடங்கியது.

ஃப்ளாஷ் போனாலும் எழுத்துச் சிக்கல் முழுதாகப் போகவில்லை. பண்பொழி என்ற ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளலாம். நம் கணக்கில் நான்கு எழுத்து. யூனிகோடில் ஏழு குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டாக மொத்தம் 21 பைட். படிவத் தகவலாக இணையத்தில் போகும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக விரிந்து 63 எழுத்தாகிறது. அஞ்சலின் உடலில் பேஸ்64 முறையில் 28 எழுத்தாகச் சுருங்குகிறது. மூன்று கட்டத்திலும் 'இது யூடிஎஃப்-8' என்று அறிவித்தால்தான் மறுமுனையில் நான்கு எழுத்தாகத் திரும்பி வரும். எங்கோ ஒரு கட்டத்தில் அறிவிப்பு விட்டுப்போனால் கேள்விக்குறிகளோ பொருளற்ற குறிகளோ வரும்.

'பொ' என்ற எழுத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு. இரண்டாவது வகையில் ஏழு குறியீடு எட்டாகிவிடும். அஞ்சல் பெட்டியில் ஊர்ப்பெயரைத் தேடினால் பாதிக் கடிதங்கள் அகப்படாமல் போகலாம். பண்பொழியைப் பைம்பொழில் என்று எழுதுகிறவர்களும் ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுகிறவர்களும் இதோடு சேர்ந்துகொள்வார்கள். ஊர்ப்பெயரைக் கட்டத்தில் எழுத விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்வதும், வந்த எழுத்தைச் சர்வரில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதும் இதற்குத் தீர்வு.

அஞ்சலின் பொருள் வரியிலும் கவனம் வேண்டும். ஆங்கிலமல்லாத எழுத்தை அங்கே பொட்டலம் கட்டித்தான் அனுப்ப முடியும். ஒரு பொட்டலம் 75 எழுத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. பேஸ்64 முறையில் கட்டினால் ஒரு பொட்டலத்துக்குள் தமிழ்க் குறியீடுகள் 15தான் அடங்கும். 'சாரல் சீசன் அறை முன்பதிவு விசாரணை' என்று நீளமாக வைத்தால் பல பொட்டலமாகப் பிரிக்க வேண்டும். எழுத்தின் நடுவே வெட்டிவிடும் ஸ்கிரிப்ட் பொருள் வரியைச் சிதைத்துவிடும். தேர்ந்த அஞ்சல் நிரல்தொகுப்பைப் பயன்படுத்தினால் இந்தக் கவலை இல்லை. கையால் ஒட்டுப்போட்ட ஸ்கிரிப்டில்தான் இது தலைகாட்டும்.

மேலூர் தந்த பாடம்

படிவத்தை மின்னஞ்சலாக்கி அரசு அலுவலகத்துக்கு அனுப்பிப் பார்த்த முயற்சி தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. 2001இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்துக் கிராமங்களில் 'சாரி' என்ற திட்டம் தொடங்கியது. சென்னை ஐஐடி, அமெரிக்காவின் எம்ஐடி, ஹார்வர்டு, என்-லோக் நிறுவனம் ஆகியவை சேர்ந்து அதை நடத்தின. ஐஐடியில் உருவான கார்டெக்ட் கம்பியில்லா இணைப்பு வழியாகக் கிராமக் கணினி மையங்கள் இயங்கின. சான்றிதழ்களுக்கான விண்ணப்பத்தையும் மனுவையும் மையத்திலிருந்தே வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அனுப்பலாம். மேலூருக்குப் பஸ் ஏறிப்போய்க் காத்துக் கிடக்கும் செலவு மிச்சமாயிற்று. மக்கள் ஆர்வமாகப் பயன்படுத்தினார்கள்.

சில காலத்தில் அரசுச் சேவைப் பகுதி நின்றுபோனது. ராஜேந்திர குமாரும் மைக்கேல் பெஸ்டும் 2006இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை காரணங்களை அலசியது. ஆர்வம் காட்டிய அதிகாரிகளும் பயிற்சி பெற்ற ஊழியர்களும் மாற்றலாகிப் போனார்கள். வந்தவர்களுக்கு அது தங்கள் வேலை என்று தோன்றவில்லை. வருகிற மின்விண்ணப்பத்தை எடுத்து நடவடிக்கை எடுப்பது அலுவலகத்தின் நிரந்தர நடைமுறையாக வேரூன்றவில்லை. கம்பியும் கணினியும் ஓடின. மறுமுனையில் எடுத்துப் பார்க்க ஆள் இல்லை.

பின்னாளில் வந்த இ-சேவை மையங்களில் விண்ணப்பம் தரவுத்தளத்தில் பதிவாகிறது. விண்ணப்ப எண் கிடைக்கிறது. எந்த மேசையில் நிற்கிறது என்று பார்க்க முடிகிறது. படிவத் தகவலுக்கு மின்னஞ்சல் பெட்டி உகந்த இடம் இல்லை என்ற முடிவுக்கு அரசும் வந்துசேர்ந்ததை இது காட்டுகிறது.

ஃப்ளாஷுக்குப் பின்

2005 இறுதியில் மேக்ரோமீடியாவை அடோபி வாங்கியது. 2010 ஏப்ரலில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ், ஐபோனில் ஃப்ளாஷுக்கு ஏன் இடமில்லை என்று விளக்கிப் பகிரங்கக் கடிதம் எழுதினார். 2017 ஜூலையில் அடோபி கைவிடும் முடிவை அறிவித்தது. 2020 டிசம்பர் 31உடன் ஆதரவு நின்றது. 2021 ஜனவரி 12 முதல் ஃப்ளாஷ் பிளேயர் படங்களை ஓட்ட மறுத்தது.

அன்று சிக்கியவற்றில் படிவங்களும் உண்டு. தென்னாப்பிரிக்க வருவாய்த் துறையின் வரிப் படிவங்கள் சில ஃப்ளாஷில் இருந்தன. மாற்றி எழுதும் வேலை முடியாததால், ஃப்ளாஷ் ஓடக்கூடிய தனி பிரவுசர் ஒன்றையே அத்துறை 2021 ஜனவரியில் வெளியிட வேண்டியதாயிற்று. ரஃபிள் என்ற திறந்த மூலக் கருவி பழைய ஃப்ளாஷ் படங்களை இன்றும் ஓட்டிக் காட்டுகிறது. படம் ஓடும், அது தேடிப் போகும் பிஎச்பி கோப்பு எப்போதோ போயிருக்கும்.

இன்று அசைவுக்குக் கருவிப் பஞ்சமில்லை. கேன்வாஸ், எஸ்விஜி, சிஎஸ்எஸ், 2017இல் ஏர்பிஎன்பி வெளியிட்ட லாட்டி என்று வழிகள் பல. ஃப்ளாஷ் உருவாக்கும் மென்பொருளே 2016இல் 'அடோபி அனிமேட்' என்று பெயர் மாறி எச்டிஎம்எல்5 படங்களை உருவாக்குகிறது. தகவலை அனுப்ப ஜாவாஸ்கிரிப்டின் 'ஃபெட்ச்' இருக்கிறது. வேறு டொமைனுக்கு அனுப்ப அனுமதிக் கோப்புக்குப் பதிலாக 'கார்ஸ்' தலைப்பு வேண்டும். பெயர்கள் மாறினாலும் அன்றைய நான்கு கண்ணிச் சங்கிலி அப்படியே இருக்கிறது.

ஒரு முக்கிய மாற்றம் நல்லதுக்கு வந்திருக்கிறது. படிவத்தை இனிப் படத்துக்குள் வரைய வேண்டிய கட்டாயமில்லை. பின்னணியில் அருவி கொட்டட்டும். அதன் மேல் உண்மையான எச்டிஎம்எல் படிவத்தை வைக்கலாம். கைபேசியின் தமிழ் விசைப்பலகை அதில் இயல்பாக வேலை செய்யும். மின்னஞ்சல், எண், நாள் என்று கட்டத்தின் வகையைச் சொல்லிவிட்டால் ஏற்ற விசைகளைக் கைபேசியே காட்டும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் கேன்வாஸில் வரைந்த கட்டத்தைக் கண்டுபிடிக்காது. எச்டிஎம்எல் கட்டத்தைப் படித்துச் சொல்லும். படம் இறங்காமல் போனாலும் படிவம் நிற்கும். அசைவை விரும்புகிறவர்களுக்கும் அஞ்சலை விரும்புகிறவர்களுக்கும் இடையிலான பழைய வழக்கு இங்கே தீர்ந்துவிடுகிறது.

சந்தேகப்படும் அஞ்சல் பெட்டி

தீராத வழக்கு கடைசிக் கண்ணியில் இருக்கிறது. பழைய ஸ்கிரிப்டுகள் ஒரு வசதிக்காக, அனுப்புநர் இடத்தில் படிவம் நிரப்பியவரின் முகவரியையே போடும். விடுதிக்காரர் 'பதில்' அழுத்தினால் நேரே அவருக்குப் போகும் என்பது நோக்கம். உறையின் பின்புறம் அடுத்தவர் விலாசத்தை எழுதித் தபாலில் சேர்ப்பது போன்ற வேலை இது. அஞ்சல் உலகம் இதை முன்பு பொறுத்துக்கொண்டது. எந்தச் சர்வர் எந்த டொமைனின் பெயரில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் 2006இலும், கடிதத்துக்கு மின்கையொப்பம் இடும் டிகிம் 2007இலும் விதிமுறையாக வெளிவந்தன. இரண்டும் தவறினால் என்ன செய்வது என்று டொமைன் உரிமையாளரே அறிவிக்கும் டிமார்க் அடுத்து வந்தது. 2014 ஏப்ரலில் யாஹூ, தன் பெயரில் வெளிச் சர்வரிலிருந்து வரும் கடிதங்களை நிராகரிக்கும்படி அறிவித்தது. யாஹூ முகவரி கொடுத்தவர்களின் படிவங்கள் மட்டும் காணாமல் போகத் தொடங்கியதற்குக் காரணம் அதுவே. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் அனுப்புநர் விதிகளை மேலும் இறுக்கியிருக்கின்றன.

எனவே இன்றைய சரியான முறை: அனுப்புநர் இடத்தில் விடுதியின் சொந்த டொமைன் முகவரி, பதில் முகவரி இடத்தில் வாடிக்கையாளரின் முகவரி. டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் அமைத்திருக்க வேண்டும். வாடகைச் சர்வரின் அஞ்சல் நிரலை நம்பாமல், இதற்கென்றே உள்ள அஞ்சல் சேவை வழியாக அனுப்புவது நல்லது. ஒரே சர்வரில் குடியிருக்கும் வேறொருவர் ஸ்பேம் அனுப்பினால் அந்தப் பழி உங்கள் கடிதத்தின் மேலும் விழும்.

ஸ்பேம் நிரப்பும் ரோபோக்களைத் தடுக்க கேப்ட்சா பழகிய வழி. சிறு விடுதிக்கு அதைவிட எளிய வழி, மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தைப் படிவத்தில் வைப்பது. அது நிரம்பி வந்தால் அனுப்பியது ரோபோ.

மத்தளம்பாறை சொல்லும் விடை

இந்தக் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி தென்காசி மாவட்டத்திலேயே உருவானது. 1996இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009இல் பெயர் மாறிய ஜோஹோ நிறுவனம், 2011இல் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அந்த ஊரிலேயே குடியேறினார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். சுற்றுவட்டார இளைஞர்களுக்குக் கல்லூரிப் பட்டம் கேட்காமல் பயிற்சி தரும் பள்ளியையும் நிறுவனம் அங்கே நடத்துகிறது.

ஜோஹோவின் பொருள்களில் படிவம் கட்டும் கருவி, மின்னஞ்சல் பெட்டி, நிரல்கள் அனுப்பும் தனிக் கடிதங்களுக்கான ஜெப்டோமெயில் ஆகியவை இருக்கின்றன. நம் கேள்விக்கு நெருக்கமானது 'ஜோஹோ டெஸ்க்'. தென்காசி அலுவலகத்தில் உருவானது என்று நிறுவனம் பெருமையாகச் சொல்லும் மென்பொருள் அது. வாடிக்கையாளர் மின்னஞ்சலில் எழுதினாலும் படிவத்தில் நிரப்பினாலும் அதை எண்ணிட்ட ஒரு கோப்பாக அது பதிவு செய்கிறது. யார் பொறுப்பு, பதில் போயிற்றா, எத்தனை நேரமாகக் கிடக்கிறது என்று காட்டுகிறது. மேலூரில் விட்டுப்போன பகுதி இதுதான்: வந்த தகவலுக்கு ஓர் எண், ஒரு பொறுப்பாளர், ஒரு கெடு. ஜோஹோவைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. கூகுள் ஃபார்ம்ஸில் வரும் பதில்கள் ஒரு விரிதாளில் வரிசையாகச் சேர்கின்றன. பத்து அறை விடுதிக்கு அதுவே போதும். கொள்கை ஒன்றுதான். முதலில் பதிவு, பிறகு அஞ்சல். அஞ்சல் தொலைந்தாலும் பதிவு இருக்கும்.

சட்டம் கேட்கும் கணக்கு

இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. பெயரும் தொலைபேசி எண்ணும் தனிநபர் தரவு. எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வசதி இருக்க வேண்டும். தமிழ் அதில் உண்டு. தேவை முடிந்தால் அழிக்க வேண்டும். பாதுகாப்பில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

அஞ்சலாக மட்டும் வரும் படிவத்துக்கு இந்தக் கணக்கை ஒப்பிப்பது கடினம். ஒரு கடிதம் முதலாளியின் பெட்டியிலும் மேலாளரின் கைபேசியிலும் பக்கம் செய்து கொடுத்தவரின் நகல் முகவரியிலும் கிடக்கும். ஒருவர் 'என் தகவலை அழியுங்கள்' என்றால் எங்கெல்லாம் போய் அழிப்பது? படிவத்தின் முழு விவரத்தையும் அஞ்சலில் வைக்காமல், 'புதிய விசாரணை வந்திருக்கிறது' என்ற அறிவிப்பை மட்டும் அனுப்பி, விவரத்தைப் பதிவேட்டில் பார்க்கச் சொல்வது பாதுகாப்பான வழி. ஆதார் எண்ணையோ அடையாள அட்டைப் படத்தையோ விசாரணைப் படிவத்தில் கேட்கவே கூடாது.

மதிப்பீடு

முப்பது ஆண்டுகளின் வழிகளை ஒப்பிட்டால் தீர்ப்பு தெளிவாகவே இருக்கிறது. பார்வையாளரின் அஞ்சல் மென்பொருளை நம்பிய வழி பிரவுசிங் சென்டரிலேயே தோற்றது. படத்துக்குள் படிவத்தைப் புதைத்த ஃப்ளாஷ் வழி கண்ணுக்கு விருந்தளித்தது. தமிழ் எழுத்தையும் திரைவாசிப்பானையும் கைபேசியையும் கைவிட்டு, கடைசியில் தானே போனது. சர்வர் ஸ்கிரிப்ட் வழி இன்றும் செல்லும், பாதுகாப்பும் அனுப்புநர் விதிகளும் தெரிந்தவர் எழுதினால். அசைவைத் தனியாகவும் படிவத்தைத் தனியாகவும் வைத்து, தகவலை முதலில் பதிந்து, அஞ்சலை அறிவிப்பாக மட்டும் பயன்படுத்தும் வழியே இவற்றில் சிறந்தது. செலவும் குறைவு.

தென்காசி, குற்றாலம், பண்பொழி வட்டாரத்தில் விடுதியோ கடையோ பயிற்சி மையமோ நடத்துகிறவர்கள் பக்கம் செய்து தருபவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். அசையும் படம் ஓடாவிட்டாலும் படிவம் வேலை செய்யுமா? தமிழில் நிரப்பினால் தமிழிலேயே வருமா? அஞ்சல் வராமல் போனால் தகவல் வேறு எங்கே இருக்கும்? அதை யாரெல்லாம் பார்க்க முடியும்? விடை கிடைத்த பிறகு, வாரம் ஒரு முறை உங்கள் படிவத்தை நீங்களே தமிழில் நிரப்பி அனுப்பி, வந்து சேர்கிறதா என்று பாருங்கள். சாரல் தொடங்கும் முன் அதைச் செய்துவிடுவது நல்லது.